அணையும் அறமும்

தமிழில் 'அணை' என்னும் சொல்லுக்குப் பொருள் பல. குழந்தையை மார்போடு சேர்த்துக்கொள்வது அணைத்தல். எரியும் விளக்கை அவிப்பதும் அணைத்தல். உறங்குவோர்க்கு விரிக்கும் மெத்தை அணை. ஓடும் ஆற்றைத் தடுத்து நிறுத்தும் சுவரும் அணை. ஒரே சொல் காத்தலையும் குறிக்கின்றது, ஒழித்தலையும் குறிக்கின்றது. அவ்வாறாயின், ஆற்றின் குறுக்கே எழும் அணை இவ்விரண்டனுள் எதனைச் செய்கின்றது? நீரைத் தழுவிக் காக்கின்றதா? கீழே வாழ்வோர் வீட்டு விளக்கை அவிக்கின்றதா?

இவ்வினாவைத் தங்கவயல் தமிழராகிய நாம் எழுப்புவதற்குத் தனிக் காரணம் உண்டு. நம் ஊர் ஆறில்லாத ஊர். எனினும் இரண்டு ஆறுகளின் தேக்கங்களால் வாழ்ந்த ஊர். அவ்விரண்டு ஆறுகளும் நம் முன்னோர் பிறந்த மண்ணை நோக்கி ஓடுபவை. ஆதலின், தேக்கிய நீர் யாருக்குரியது என்னும் வழக்கில் நாம் வெறும் பார்வையாளர் அல்லேம். வழக்கின் இரு பக்கத்திலும் நம் பெயர் எழுதப்பட்டிருக்கின்றது.

நம் ஊரும் இரண்டு ஆறுகளும்

முதலில் பாலாற்றை எண்ணுவோம். நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் அவ்வாறு கருநாடகத்தில் ஏறத்தாழ 93 கிலோமீட்டரும், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும், தமிழகத்தில் 222 கிலோமீட்டரும் நடந்து வயலூர் அருகே கடலை அடைகின்றது. நம் ஊருக்கு அண்மையில், பேத்தமங்கலத்தில், அதனை மறித்து நிற்கின்றது ஒரு பேரேரி. அவ்வூரின் பழம்பெயர் விசயாதித்தமங்கலம் என்று கல்வெட்டுகள் கூறும். உடைந்துபோன அவ்வேரிக் கரையைப் பத்தாம் நூற்றாண்டில் நுளம்ப மன்னன் ஒருவன் மீண்டும் கட்டுவித்தான். உழவுக்கென நின்ற அவ்வேரியின் நீரே, சுரங்கங்கள் வளர்ந்த பின்னர், குழாய் வழியே தங்கவயலுக்கு வந்தது.

அந்நீரைக் குடித்தவர் யார்? வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் பிழைப்புத் தேடி ஏறி வந்த நம் பாட்டன்மார். அவருள் பலர் பாலாற்றங்கரைச் சிற்றூர்களைச் சேர்ந்தவர். தம் ஊரில் மணலாய்க் கிடந்த ஆற்றைக் கீழே விட்டு, அதன் மேற்பகுதியில் தேங்கிய நீரை மொண்டு குடித்தனர். லைன் வீட்டின் தெருக்குழாயில் குடம் நிரம்பியபோது, அக்குடத்து நீர் தம் ஊரை நோக்கிப் புறப்பட்ட நீர் என்று அவர்கள் எண்ணியிருக்கமாட்டார்கள். எண்ண நேரமும் இருந்திராது. அடுத்த ஷிப்டுக்குச் சங்கு ஊதிவிடும்.

அடுத்தது காவிரி. சிவசமுத்திர அருவியின் வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுத்து, ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு கம்பி இழுத்து, 1902ஆம் ஆண்டில் தங்கவயலுக்குக் கொண்டு வந்தது மைசூர் அரசு. அந்நாளில் உலகின் மிக நீண்ட மின்தொடர்களுள் ஒன்று அது. பெங்களூர் நகரத்துக்கு மின்விளக்கு வந்தது 1905இல்தான். தலைநகர் எண்ணெய் விளக்கோடு இருந்தபோதே நம் ஊர்ச் சுரங்கங்கள் காவிரியின் வலிமையால் இயங்கின. ஆனால் கோடையில் காவிரி மெலியும். ஆறு மெலிந்தால் மின்சாரம் மெலியும். ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் ஆட்களை இறக்கி ஏற்றும் சுரங்கமோ கோடைக்காக ஓய்ந்திருக்க இயலாது.

ஆகவே, மழைக்காலத்து நீரைக் கோடைக்கென நிறுத்தி வைக்கும் தேக்கம் ஒன்று தேவைப்பட்டது. பாசனத்துக்கும் மின்னாற்றலுக்குமாகக் கண்ணம்பாடியில் 1911இல் தொடங்கிய அணையே, இன்று நாம் கிருஷ்ணராஜ சாகரம் என்று அழைப்பது. காவிரிப் பூசலில் முதற்பெயராக ஒலிக்கும் அவ்வணை எழுவதற்கு நம் பாட்டன்மார் உழைத்த சுரங்கமும் ஒரு காரணம். இது பெருமையா, பழியா என்று உடனே தீர்ப்புக் கூறிவிட வேண்டா. முதலில் அணை என்பது எவ்வாறு அமைகின்றது என்று காண்போம்.

சுவரும் கலிங்கும் மதகும்

நீரின் அழுத்தம் அதன் ஆழத்தைப் பொறுத்தது. மேற்பரப்பில் கையால் தள்ளிவிடக்கூடிய நீர், நூறடி ஆழத்தில் மலையையும் நெருக்கும். அதனால் கல்லால் ஆன பேரணை உச்சியில் குறுகியும் அடியில் மிக அகன்றும் கட்டப்படுகின்றது. தன் எடையினாலேயே நிலைத்து நிற்கின்றது. கண்ணம்பாடி அணை சிமெண்டால் கட்டப்பட்டதன்று. சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்த சுர்க்கிச் சாந்தால் கல்லைப் பிணைத்துக் கட்டியது. ஏறத்தாழ 125 அடி உயரத்துக்கு நீரைத் தாங்குவது. நிறைந்தால் ஏறத்தாழ 49 டி.எம்.சி. கொள்வது. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி.

எந்த அணைக்கும், எந்த ஏரிக்கும் இன்றியமையாத உறுப்புகள் மூன்று. நீரை நிறுத்தும் சுவர் அல்லது கரை. மிகுந்த நீரை வெளியேற்றும் கலிங்கு. வேண்டும்போது வேண்டிய அளவு திறந்துவிடும் மதகு. கலிங்கு இல்லாத ஏரி முதற்பெருமழையிலேயே உடையும். மதகு இல்லாத ஏரியோ உடையாமல் இருந்தும் பயனற்றது. வெயில் குடிக்கும், சேறு குடிக்கும், உழவன் குடிக்கமாட்டான். மதகின் வாய்க்குக் கீழே எப்போதும் கொஞ்சம் நீர் தங்கும். அது எவருக்கும் எட்டாத நீர்; வண்டலோடு கிடப்பது. சேர்த்து வைப்போரிடம் எல்லாம், எவருக்கும் உதவாத அத்தகைய பகுதி ஒன்று உண்டு போலும்.

விசுவேசுவரையர் 1903இல் பூனாவுக்கு அருகே கடக்வாசலா அணையில் அமைத்த கதவுகள் நினைவுகூரத்தக்கவை. வெள்ளம் குறித்த மட்டத்துக்கு ஏறியதும் அவை தாமே திறந்துகொள்ளும். எந்த அளவுவரை பிடிக்க வேண்டும், எந்த அளவில் விட்டுவிட வேண்டும் என்பதை இரும்புக்கும் கற்பிக்க முடிந்தது. மனிதர்க்குக் கற்பிப்பதுதான் கடினமாயிற்று.

காலத்தின் மேல் அதிகாரம்

கரிகாலன் பெயரோடு இணைத்துப் போற்றப்படும் கல்லணை ஒரு தேக்கம் அன்று. அது நீரைப் பிரித்துக் கொடுப்பது. வந்த நீர் வந்த நாளிலேயே பல கிளைகளாகப் பிரிந்து சென்றுவிடும். பிரிப்பவன் அநீதி செய்யலாம். ஆயினும் அவ்வநீதி அன்றைக்கே கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

பெருந்தேக்கம் அவ்வாறன்று. ஜூலையில் வந்த நீரை ஜனவரியில் கொடுக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. அதாவது, தேக்கம் மனிதனுக்கு நீரின் மேல் மட்டுமன்றிக் காலத்தின் மேலும் அதிகாரம் அளிக்கின்றது. மேட்டூர் அணை ஜூன் 12ஆம் நாள் திறக்கப்படுவது வழக்கம். அந்நாளைக் கணக்கிட்டே தஞ்சை உழவன் குறுவைக்கு நாற்றங்கால் தயாரிக்கின்றான். அவனுக்குரிய நீர் முழுவதையும் அக்டோபரில் ஒருசேரக் கொடுத்தால், கணக்கில் குறைவில்லை. வயலில் பயிரும் இல்லை. கொடுத்தேன் என்று மேலே உள்ளவன் கூறுவதும் உண்மை. கிடைக்கவில்லை என்று கீழே உள்ளவன் அழுவதும் உண்மை. ஆகவே நீரின் நீதி அளவில் பாதி, நாளில் பாதி.

மூவர் வழக்கு

மேலே வாழ்பவனின் வழக்கை முதலில் கேட்போம். 1892ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி, குறிப்பிட்ட ஆறுகளில் சென்னை அரசின் இசைவின்றி மைசூர் புதிய தேக்கம் கட்டுதல் கூடாது. அப்பட்டியலில் காவிரியும் உண்டு. நம் பாலாறும் உண்டு. அன்று சென்னை, ஆங்கிலேயர் நேரே ஆண்ட மாகாணம். மைசூர் அவர்தம் மேலாண்மைக்கு உட்பட்ட நாடு. சமநிலையற்ற இருவர் செய்த உடன்பாட்டைக் காட்டி, 'என் மண்ணில் பெய்த மழையை நான் தொடலாகாதா?' என்று மண்டியா உழவன் கேட்பானாயின், அக்கேள்வியைத் தமிழர் என்னும் ஒரே காரணத்துக்காக நாம் தள்ளிவிடலாகாது.

கீழே வாழ்பவனின் வழக்கும் வலியது. மைசூரில் பேரணை எழுவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே காவிரிப் படுகையில் நெல் விளைந்தது. ஊர்களும் கோயில்களும் குடிகளும் அந்நீரை நம்பியே அமைந்தன. கண்ணம்பாடிக்கு முதலில் சிறிய அளவிலேயே சென்னை இசைந்தது. மைசூரோ பெரிய அணைக்குரிய அகலத்திலேயே அடித்தளம் இட்டது. மேலே எழும் சுவரை மறைக்கலாம். அடித்தளத்தின் அகலத்தை மறைக்க இயலாது. அதனைக் கண்டு கீழ்ப்பகுதி அஞ்சியதில் வியப்பில்லை. 1914இல் நடுவர் தீர்ப்பு வந்தது, பூசல் ஓயவில்லை. 1924இல் ஒப்பந்தம் ஏற்பட்டது. அதன் பின்னரே மேட்டூரில் 93.47 டி.எம்.சி. கொள்ளும் தேக்கம் 1925இல் தொடங்கி 1934இல் நிறைவுற்றது.

மூன்றாமவர் வழக்கு எந்த ஒப்பந்தத்திலும் இல்லை. அவர் தேக்கத்தின் அடியில் இருந்தவர். கண்ணம்பாடி என்னும் ஊர் நீரில் மூழ்கிற்று. அங்கிருந்த வேணுகோபாலர் கோயில் இன்று புதிய இடத்தில் நிற்கின்றது. மேட்டூரில் நீர் வற்றும்போது பண்ணவாடிப் பக்கம் பழைய நந்திச் சிலை தலைகாட்டும். அதனைக் காண மக்கள் திரள்வர். அங்கே வீடும் களமும் சுடுகாடும் வைத்திருந்தோர் எங்குச் சென்றனர் என்று கேட்போர் சிலரே. கன்னடரும் தமிழரும் மாறி மாறிப் பேசும் இவ்வழக்கில், இரு தேக்கங்களின் அடியிலும் இரு மொழியினரும் ஒன்றுபோல் மூழ்கியிருப்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1990இல் நடுவர் மன்றம் அமைந்தது. 1991இல் அதன் இடைக்கால ஆணை வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் பெங்களூரிலும் பிற இடங்களிலும் தமிழர் மேல் வன்முறை பாய்ந்தது. அந்நாள்களில் நம் குடும்பங்கள் பட்டதை நாம் மறந்தோமல்லேம். பெங்களூர் ரயிலில் வேலைக்குச் சென்றோர் தமிழில் பேசாமல் வாய்மூடி அமர்ந்து திரும்பினர். 'நீங்கள் எந்தப் பக்கம்?' என்று நம்மைக் கேட்டவர் உண்டு. நம்மிடம் விடை இல்லை. விடை கூறாமை அச்சத்தினால் மட்டும் என்று அன்று எண்ணினோம். இன்று எண்ணும்போது, வினாவே தவறானது என்று தோன்றுகின்றது.

2007இல் நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பும், 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்தன. பல மாநிலங்களில் ஓடும் ஆறு நாட்டின் பொதுச்சொத்து. எந்த மாநிலமும் அதனைத் தனக்கே உரியது எனல் ஆகாது என்பது அத்தீர்ப்பின் உயிர்நாடி. தமிழகத்துக்கு 177.25 டி.எம்.சி. திறந்துவிடப்பட வேண்டும் என்று அளவும் வகுக்கப்பட்டது. இது சட்டம் தந்த விடை. ஆயினும் மழை பொய்த்த ஆண்டில் வகுத்த அளவு தாளில் நிற்கும், ஆற்றில் நில்லாது. அப்போது சட்டத்துக்கு அப்பால் அறம் ஒன்று வேண்டியிருக்கின்றது.

நீர்க்கட்டியின் நெறி

அவ்வறத்தைத் தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. கோலார் மாவட்டத்து ஏரியூர்களில் மதகைத் திறந்து மூடுவதற்கென ஓர் ஊழியன் இருந்தான். கன்னடத்தில் நீருகண்டி, நம் வடமாவட்டங்களில் நீர்க்கட்டி. ஏரியில் எத்தனை நாளைக்கு நீர் உண்டு, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை பாய வேண்டும் என்பது அவன் அறிவு. பெருநிலக்கிழார் வீட்டு வயலும் கைம்பெண்ணின் கால்காணியும் அவன் மண்வெட்டிக்கு ஒன்றே. அவன் பெரும்பாலும் நிலமற்ற எளிய குடியினன். தனக்கென்று வயல் இல்லாதவன் கையில் மதகைக் கொடுத்ததே அவ்வேற்பாட்டின் நுட்பம். நீரால் ஊதியம் பெறுபவன் நீரின் காவலனாக இருத்தல் தகாது என்பதைப் படிப்பறியாத நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

அவ்வூர்களைப் புகழ்ந்துவிட்டு இவ்விடத்தில் நிற்பது நேர்மையாகாது. பல ஊர்களில், ஊர்க் கிணற்றில் குடம் இறக்க உரிமையற்றவன் கையிலேதான் ஊர் ஏரியின் மதகு இருந்தது. அவன் நேர்மையை ஊர் நம்பியது; அவன் தொட்ட நீரை ஊர் வெறுத்தது. அவ்வெறுப்புக்கு அஞ்சி ஊரைவிட்டுத் தங்கவயலுக்கு ஏறி வந்த குடும்பங்கள் நம்முள் எத்தனை! நீரைப் பங்கிடும் கலை நம்முள் பலர்க்குப் பரம்பரைச் சொத்து. அந்நீரில் பங்குதான் மறுக்கப்பட்டது. ஆகவே நீதியைப் பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டு. பிறர்க்கு அதனை மறுக்காதிருக்கும் கடமையும் உண்டு.

இலங்கையின் உலர் நிலத்துக் குளங்களில் 'பெத்ம' என்னும் வழக்கம் ஒன்று உண்டு. குளம் நிறையாத ஆண்டில் எல்லா வயலுக்கும் நீர் பாயாது. அவ்வாண்டு, குளத்துக்கு அருகிலுள்ள நிலத்தை மட்டும் ஊரார் அனைவரும் தற்காலிகமாகப் பங்கிட்டுக்கொண்டு பயிரிடுவர். மதகருகே நிலம் வைத்திருப்பவன் தன் நிலத்தில் பிறர் ஏர் பூட்ட இடம் தருவான். நிறைவைப் பங்கிடுவதில் அரிய அறம் ஒன்றுமில்லை. குறைவைப் பங்கிடுவதே அறம். மேலிருப்பவன் தன் வயலும் சிறிது வாட ஒப்ப வேண்டும். கீழிருப்பவன் தன் கோரிக்கையும் சிறிது குறைய ஒப்ப வேண்டும். இருவரும் ஒப்பாவிடில் எந்த மன்றமும் மழையைப் பெய்விக்காது.

சுரங்கமும் தேக்கமும்

நம் ஊர்ச் சுரங்கத்தையும் ஒரு தேக்கமாகக் கருதலாம். இயற்கை பாறையின் பிளவில் பொன்னைத் தேக்கி வைத்திருந்தது. நாம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம்வரை இறங்கி, பாறை வெடிப்பில் உயிர் கொடுத்து, நூற்றிருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் பொன்னை வெளியே கொணர்ந்தோம். ஆனால் இத்தேக்கத்துக்கு வரத்து இல்லை, எடுத்தது எடுத்ததுதான். வெளிநாட்டுக் கம்பெனியின் காலத்தில் ஆதாயம் கடல் கடந்தது. 1956இல் சுரங்கம் அரசுடைமையாயிற்று. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டது. நமக்கு எஞ்சியவை சயனைடு மேடுகளும், காற்றடித்தால் வீட்டுக்குள் படியும் அவற்றின் தூசியும். பொன் சென்ற வழியே நமக்குத் திரும்பும் மதகு ஒன்றை எவரும் அமைக்கவில்லை.

இதனால் நாம் கற்கத்தக்கது ஒன்று உண்டு. ஒரு நிலத்தின் செல்வத்தை எடுத்துச் செல்பவன், அந்நிலத்துக்கும் அங்கு உழைத்தவர்க்கும் கடன்பட்டவன். இக்கடனை நமக்குத் தரவேண்டியவரிடம் நாம் கேட்கின்றோம். அவ்வாறாயின், பேத்தமங்கலத்து நீரைக் குடித்த நாம் பாலாற்றின் கீழ்க்கரைக்குக் கடன்பட்டவர் அல்லேமோ? காவிரியின் மின்னாற்றலால் கூலி பெற்ற நாம் கண்ணம்பாடியில் வீடிழந்தவர்க்கும் தஞ்சையில் நீர் குறைந்தவர்க்கும் கடன்பட்டவர் அல்லேமோ?

ஒரு செய்தி நம் மனத்துக்கு ஆறுதல் அளிக்கின்றது. நம் பாட்டன்மார் மதகு இல்லாத தேக்கமாக வாழவில்லை. சம்பள நாளன்று அஞ்சலகத்தில் நீண்ட வரிசை நிற்கும். வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களுக்கு மணியார்டர்கள் இறங்கும். தங்கையின் திருமணமும், தம்பியின் பள்ளிச் சம்பளமும், அடகில் இருந்த காணியும் அப்பணத்தால் மீண்டன. மேலே தங்கிய ஆற்று நீருக்கு ஈடாகக் கூலி கீழே பாய்ந்தது. அவர்கள் இதனை அறம் என்று அழைக்கவில்லை; 'ஊருக்கு அனுப்ப வேண்டும்' என்றனர். நாம் தேடும் நெறி முழுவதும் அந்த எளிய சொற்களில் அடங்கியிருக்கின்றது.

நம் கடன்

காலம் விந்தையானது. பெங்களூர் நகரம் காவிரி நீரைக் குடிக்கின்றது. அந்நகரின் கழிவுநீரைத் தூய்மை செய்து கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கு அனுப்பும் திட்டம் 2018இல் நடைமுறைக்கு வந்தது. காவிரியில் பிறந்த நீர் இன்று பாலாற்றின் ஏரிகளில் வந்து தேங்குகின்றது. அதன் தூய்மை போதுமா என்னும் வழக்கு வேறு. அதனை விழிப்போடு கேட்டுக்கொண்டேயிருத்தல் வேண்டும். ஆனால் 'என் ஆறு, உன் ஆறு' என்று வகுத்த கோடுகள் எவ்வளவு மெல்லியவை என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. 2021 நவம்பரில் கோலார் ஏரிகள் பல நிரம்பி வழிந்தபோது, நெடுங்காலம் மணலாய்க் கிடந்த பாலாறு வேலூரில் இரு கரை தொட்டு ஓடிற்று. இங்கே கலிங்கு வழிந்தது. அங்கே மக்கள் பாலத்தின்மேல் நின்று கைகூப்பினர்.

நாம் செய்யத்தக்கவை பெரியனவல்ல. நம் ஏரியின் வரத்துக் கால்களை அடைக்காதிருத்தல். சுரங்கக் கழிவு ஓடையில் கலவாதபடி குரல் கொடுத்தல். கன்னட நண்பரோடு அமர்ந்து அவர் வழக்கை அவர் மொழியிலேயே கேட்டல். நம் வழக்கை அச்சமின்றி, ஆத்திரமுமின்றிக் கூறுதல். இவை போதும். நம் பிள்ளைகளை நாளை எவரேனும் 'நீ எந்தப் பக்கம்?' என்று கேட்டால், அவர்கள் வாய்மூடி இருக்க வேண்டா. 'நான் மதகின் பக்கம்' என்று கூறட்டும்.

தேக்குவது குற்றமன்று, தேக்காவிடில் கோடையைக் கடத்தல் அரிது. ஆனால் எவ்வளவு உயரம் தேக்கினான் என்பதைக் கொண்டு அணையின் பெருமையை அளக்கும் வழக்கத்தை நாம் விடுதல் வேண்டும். வேண்டும் நாளில் வேண்டுவோர்க்குத் திறந்ததா என்பதே உரைகல். திறந்த அணை தாயின் அணைப்பு. திறவாத அணை விளக்கை அணைக்கும் கை. சொல் ஒன்றே, எப்பொருளில் வழங்குவது என்பது மதகில் கைவைத்திருப்பவன் உள்ளத்தைப் பொறுத்தது.